பக்கவாதக் குழுவுக்கு விதிகள்: எதைத் தடுப்பது, எதை விடுவது?

கிளமெண்டி வாசி (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.10

வணக்கம். சிங்கப்பூரில் பக்கவாதத்திலிருந்து மீண்டுவருகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இருக்கும் ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்கு விதிகள் எழுத வேண்டியிருக்கிறது. உறுப்பினர்கள் 140 பேர், நிர்வாகிகள் இருவர். 20 பேராக இருந்தவரை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், விதி தேவைப்படவில்லை. இப்போது கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்பதே தெரியவில்லை.

மூன்று இடங்களில் சிக்கல். மருந்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எண்ணெயும் லேகியமும் விற்பவர்கள் குழுவில் வாய் திறப்பதில்லை, உறுப்பினர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். நள்ளிரவில் "கை மரத்துப்போகுது, என்ன செய்ய?" என்று ஒருவர் கேட்டால் காலைவரை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள்.

நான் எழுதிவைத்திருக்கும் முதல் விதி: "மருத்துவம் பற்றி எதுவும் பேசக் கூடாது." சரிவருமா? விவரம் தெரிந்தவர்கள் திருத்திக் கொடுங்கள்.

மருந்தகத்துக்காரர் | திங்கள், இரவு 9.48

அந்த விதியை முதலில் எடுத்துவிடுங்கள் ஐயா. மருந்து, ரத்த அழுத்தம், பயிற்சி இதையெல்லாம் பேசத்தான் அவர்கள் வருகிறார்கள். தடுத்தால் பேச்சு நிற்காது, தனிச் செய்திக்குப் போகும். அங்கே தவறைத் திருத்த யாரும் இல்லை.

மாறாக நான்கு வினைகளை மட்டும் தடுங்கள்: நிறுத்து, தொடங்கு, கூட்டு, குறை. "எனக்கு இந்த மாத்திரையால் வறட்டு இருமல் வந்தது, மருத்துவரிடம் சொன்னேன், மாற்றினார்" என்பது அனுபவம், இருக்கட்டும். "இருமல் வந்தால் நிறுத்திடுங்க" என்பது பரிந்துரை, அதை நீக்கவேண்டும். இந்த வேறுபாட்டை ஒரே தடவை எடுத்துக்காட்டோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பக்கவாதம் என்ற ஒரே சொல்லுக்குள் எதிரெதிரான இரண்டு நோய்கள் இருக்கின்றன. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, அதுதான் அதிகம். குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. அடைப்பு வந்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உயிர்காக்கும். கசிவு வந்தவருக்கு அதே மாத்திரை இன்னொரு கசிவை உண்டாக்கலாம். குழுவில் இரண்டு வகையினரும் கலந்து இருக்கிறார்கள். "எனக்கு ஆஸ்பிரின்தான் கொடுத்தாங்க, நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க" என்பதைப்போல ஆபத்தான வாக்கியம் உங்கள் குழுவில் வேறொன்று இருக்காது. சொல்பவர் நல்ல மனசோடு சொல்கிறார் என்பதால்தான் அதைக் கேட்டு நடக்கிறார்கள்.

அடுத்தது வார்ஃபரின், இதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. சீரற்ற இதயத் துடிப்பால் பக்கவாதம் வந்தவர்களில் சிலர் இதை எடுப்பார்கள். அவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்கவேண்டும். "தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுங்க, ரத்தம் சுத்தமாகும்" என்று யாரோ போட, வாரம் ஒரு தடவை கீரை சாப்பிட்டவர் தினமும் சாப்பிட ஆரம்பித்தால் அளவு இறங்கிவிடும். கீரை கெட்டது என்று அர்த்தமில்லை, திடீர் மாற்றம்தான் கெட்டது. மூட்டுவலித் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கும். வின்டர்கிரீன் வாசனை வருகிறதே, அதுதான். அதை முழங்கால், இடுப்பு என்று தாராளமாகத் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். வெளியில் தடவுவதுதானே என்று யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை.

குளோப்பிடோக்ரெல் என்ற ரத்தம் உறையாமை மாத்திரை எடுப்பவருக்கு "வயிறு எரிந்தால் ஒமிப்ரசோல் போடுங்க" என்று சொல்வதும் அப்படித்தான். ஒமிப்ரசோல் அந்த மாத்திரையின் பலனைக் குறைக்கும். வயிற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, மருந்தாளரைக் கேட்டால் சொல்வார்.

ஜூரோங் தம்பி | திங்கள், இரவு 10.05

அண்ணே, எண்ணெய் லேகியம் எல்லாம் இயற்கைதானே? தேக்காவில் கடையில் வைத்து விற்கிறார்கள். அரசாங்கம் பார்க்காமலா விடும்?

மருந்தகத்துக்காரர் | திங்கள், இரவு 10.31

தம்பி, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தியப் பாரம்பரிய மருந்துகள் இங்கே விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் ஒப்புதல் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. நச்சு உலோகங்களுக்கு வரம்பு உண்டு, மேற்கத்திய மருந்துகளைக் கலக்கக் கூடாது. அதைப் பின்பற்றவேண்டியது விற்பவரின் பொறுப்பு. கடையில் இருக்கிறது என்பதற்காக யாரோ சோதித்துவிட்டார்கள் என்று பொருளில்லை.

இணையத்தில் வாங்கியது, ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்தது, மலேசியாவின் ஜொகூரில் வாங்கியது என்று வரும்போது ஆபத்து இன்னும் கூடும். வலிக்கு என்று விற்கும் 'மூலிகை' மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகளும் சொல்லாமல் கலந்திருந்ததை ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முன்னது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பின்னதை ரத்தம் உறையாமை மருந்தோடு எடுத்தால் வயிற்றில் ரத்தம் கசியும். "இரண்டே நாளில் வலி போச்சு, பசி நல்லா எடுக்குது, முகம் கொஞ்சம் பூரிச்சிருக்கு" என்று ஒருவர் மகிழ்ச்சியாக எழுதினால் நிர்வாகி உடனே அவரைக் கூப்பிட்டு என்ன எடுக்கிறார் என்று கேட்கவேண்டும். ஸ்டீராய்டு வேலை செய்தால் அப்படித்தான் தெரியும். பல வாரம் எடுத்திருந்தால் அவராகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும்.

விற்பவர்கள் ஏன் பக்கவாதக் குழுக்களைத் தேடி வருகிறார்கள் தெரியுமா? பக்கவாதத்தில் இயல்பான மீட்சி முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடக்கும். அந்த நேரத்தில் எதைத் தடவினாலும் எதை விழுங்கினாலும் முன்னேற்றம் தெரியும். பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை, காரணத்தை மாற்றிச் சொல்கிறார், அவ்வளவே. ஆகவே "பொய் சொல்றீங்க" என்று அவரோடு மோதாதீர்கள். "உங்களுக்குக் குணமானது எங்களுக்கும் சந்தோஷம். பொருளின் பெயரையும் விலையையும் மட்டும் குழுவில் போடவேண்டாம்" என்றால் போதும்.

உட்லண்ட்ஸ் நிர்வாகி | செவ்வாய், காலை 7.20

நள்ளிரவுச் செய்தியைப் பற்றி.

குழு ஆம்புலன்ஸ் இல்லை. இதை உறுப்பினர் மனதில் பதியவைப்பதுதான் நிர்வாகியின் முதல் வேலை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம்வரை முடியும், ஆனால் யாருக்கு என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்திலிருந்துதான் கணக்கு. தூங்கி எழும்போது கை வரவில்லை என்றால், தூங்கப்போன நேரமே கணக்கு. குழுவில் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதிலிருந்து கழிகிறது.

எனவே அவசர ஆம்புலன்ஸ் எண்ணைச் சொல்லும் ஒரே பதில்தான்: "995 இப்போதே." வேறு எதுவும் எழுதக் கூடாது. "பிரஷர் பாருங்க", "கொஞ்சம் படுங்க", "எனக்கும் இப்படித்தான் இருந்தது, போயிடும்" இவை எல்லாவற்றையும் நீக்குங்கள். போய்விட்டாலும் 995தான். சில நிமிடத்தில் மறையும் சிறு பக்கவாதத்துக்குப் பின்னால் பெரியது வரும் ஆபத்து அடுத்த சில நாள்களில் மிக அதிகம். 1777 அவசரமில்லாத ஆம்புலன்சுக்கான எண், இதற்கு அது வேண்டாம். டாக்சி பிடித்துப் பலதுறை மருந்தகத்துக்குப் போவதும் வேண்டாம்.

அறிகுறிகளைத் தமிழில் ஆறு சொல்லாகப் போடுங்கள்: தடுமாற்றம், பார்வை, முகம், கை, பேச்சு, நேரம். திடீரென்று வந்தால் என்பது முக்கியம்.

செய்யக் கூடாதவை: தண்ணீர் கொடுப்பது, சாப்பாடு கொடுப்பது, ஆஸ்பிரின் கொடுப்பது. பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுங்கள் என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. இரட்டை அம்புக் குறியோடு 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று வரும். அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை, நேரம்தான் போகும். பார்த்தவுடன் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் வேறொருவர் நாளைக்கே போடுவார்.

நடைமுறை விஷயம் இரண்டு. சேரும்போதே வீட்டு எண், மாடி, உடன் இருப்பவரின் தொலைபேசி இவற்றை நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் பட்டியலில் வாங்கிவையுங்கள். தனியாக இருப்பவர் "பேச்சு குழறுது" என்று எழுதினால் நீங்களே 995ஐ அழைத்து புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் சொல்லமுடியும். இரண்டாவது, குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி. அதன் வழியாக 995ஐ அழைத்தால் இருக்குமிடமும் சேர்ந்து போகும். பேச்சு சரியாக வராதவர்களின் தொலைபேசியில் இது முன்பே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் பின் செய்த (அரட்டையின் மேலே குத்திவைத்த) செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், அப்புறம் தானாகக் கழன்றுவிடும். நாள்காட்டியில் குறித்துவைத்து மறுபடி பின் செய்யுங்கள். குழு விளக்கத்தில் எழுதுவது கழலாது. 995 வரியை அங்கேயும் போடுங்கள்.

பேச்சுப் பயிற்சி | செவ்வாய், பிற்பகல் 1.15

மருந்துக்குச் சொன்ன கண்டிப்பு உணவுக்கும் வேண்டும். இதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை, அதுதான் கவலை.

பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போகும். "இருமலே இல்லை, நல்லாத்தான் சாப்பிடுறார்" என்பதை வைத்து எதுவும் சொல்லமுடியாது. இங்கே மருத்துவமனைகள் 0 முதல் 7 வரை எண் (நிலை) கொடுத்து உணவையும் பானத்தையும் பிரிக்கின்றன. ஒருவருக்கு எந்த எண் என்று பார்த்துச் சொன்னவர் பேச்சு சிகிச்சையாளர். குழுவில் "கஞ்சி கொடுங்க, ஈசியா இறங்கும்" என்பார்கள். கஞ்சியில் தண்ணீர் தனி, பருக்கை தனி. வாயில் இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தில் ஓடும், விழுங்குவதற்கு மிகக் கடினமான வகைகளில் அது ஒன்று. ரசம் சாதமும் அப்படியே. ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும்.

பானத்தில் கலந்து கெட்டியாக்கும் தூளுக்கு "ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி" என்று யாராவது அளவு சொன்னால் நீக்குங்கள். ஒவ்வொரு பிராண்டுக்கும் அளவு வேறு, கரண்டி வேறு. வீட்டிலேயே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: 10 மில்லி ஊசிக்குழாயின் நுனியை விரலால் அடைத்து, அந்தப் பானத்தை 10வரை நிரப்பி, விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு மறுபடி அடைக்கவேண்டும். 1 முதல் 4 மில்லி மிச்சம் இருந்தால் நிலை 1. 4 முதல் 8 இருந்தால் நிலை 2. 8க்கு மேல் இருந்து கொஞ்சமாவது சொட்டியிருந்தால் நிலை 3. சொட்டவே இல்லை என்றால் நிலை 4. எல்லா ஊசிக்குழாயும் ஒரே நீளம் இல்லை. பூச்சியத்திலிருந்து 10வரை உள்ள அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், வாங்கும்போது அளந்து பாருங்கள். இந்த முறையைக் குழுவில் பகிரலாம். யாருக்கு எந்த நிலை என்பதை மட்டும் குழு முடிவு செய்யக் கூடாது. "சிகிச்சையாளர் என்ன எண் எழுதிக் கொடுத்தார்?" என்று கேட்பதே சரியான பதில்.

இனி எனக்கு முக்கியமான விஷயம். விதிகளை மீறுகிறார் என்று நீங்கள் நீக்கப்போகும் முதல் ஆள் பெரும்பாலும் பேச்சிழப்பு உள்ளவராகத்தான் இருப்பார். பேச்சிழப்பில் அறிவு போவதில்லை, சொல்லுக்குப் போகும் வழிதான் அறுந்துபோகிறது. 'ஆமாம்' என்று நினைத்து 'இல்லை' என்று வரும். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் தடையில்லாமல் வரும், ஏனென்றால் அது வேறு பாதையில் தானாக வருகிற பேச்சு. ஒரே ஸ்டிக்கர் இருபது தடவை வரலாம். ஒரு செயலிலிருந்து அடுத்ததற்கு மாறமுடியாத நிலை அது, குப்பைச் செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர் இரவு 2 மணிக்குக் கோபமாக எழுதலாம். நீக்குவதற்கு முன்னால் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள், முடிந்தால் வீட்டாரோடு சேர்த்து. தொந்தரவுக்கு ஆளானவர் இருந்தால் அவரைப் பாதுகாப்பதும் அதே அளவு அவசரம்தான், செய்தியை உடனே நீக்குங்கள். ஆளை நீக்குவதற்கு மட்டும் ஒரு நாள் பொறுங்கள்.

அவர்கள் பேசுவதற்கு இடமும் வேண்டும். ஒரு செய்திக்கு ஒரு கேள்வி. ஆமாம் / இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள், வாட்ஸ்அப் கருத்துக்கணிப்பு இதற்கு நன்றாகப் பயன்படும். குரல் பதிவு 30 வினாடிக்குள். பிழை திருத்தாதீர்கள். அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது மற்றவர்கள் வாக்கியத்தை முடித்துவைக்கவேண்டாம். அறிவிப்பைப் படமாகப் போட்டால் எழுத்து நடுவில், ஒரே பத்தியாக இருக்கட்டும். இடது பக்கத்தைக் கவனிக்காத பாதிப்பு உள்ளவருக்கு இடது ஓரத்தில் இருக்கும் எண் கண்ணிலேயே படாது.

தெம்பனீஸ் மகள் | செவ்வாய், இரவு 8.40

பராமரிக்கிறவங்களையும் நோயாளிகளையும் ஒரே குழுவில் வைக்காதீங்க. இதைப் பத்தி யாருமே சொல்லலை.

ராத்திரி மூணு தடவை எழுந்து டயப்பர் மாத்துற மனைவிக்கு எங்கேயாவது அழணும். "என்னால முடியலை, ஏன்தான் பிழைச்சாரோன்னு தோணுது"ன்னு எழுதுவாங்க. அது அந்த நிமிஷத்து வலி. அதே குழுவில் கணவர் இருந்தா படிப்பார். வேற யாரோட கணவரும் படிச்சு, தன் மனைவியும் இப்படித்தான் நினைக்கிறாளோன்னு நினைப்பார். அதே மாதிரி நோயாளிகளும் வீட்டாரைப் பத்திப் பேச இடம் வேணும். கையைப் பிடிச்சு இழுக்குறாங்க, பணத்தை எடுக்குறாங்க, அடிக்கிறாங்கன்னு சொல்லணும்னா மகன் இருக்கிற குழுவில் எப்படிச் சொல்வார்?

இல்லப் பணிப்பெண்களைப் பத்தியும் ஒரு விதி போடுங்க. பெயர், படம், ஏஜென்சி எதுவும் கூடாது. அவங்களும் நம்ம வீட்டில் இருக்கிற மனுஷங்கதான். "தூக்கத் தெரியலை"ன்னு குறை சொல்றதை விட, அக்குளுக்குக் கீழே கைவிட்டுத் தூக்கினா பாதிக்கப்பட்ட தோள் இறங்கிடும், இடுப்புப் பட்டையைப் பிடிச்சு எழுப்பணும்னு அவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க.

உட்லண்ட்ஸ் நிர்வாகி | செவ்வாய், இரவு 9.25

அக்கா சொல்வதை முழுசாக ஏற்கமுடியவில்லை. தமிழ்க் குழுவுக்கு ஆள் கிடைப்பதே சிரமம். இரண்டாகப் பிரித்தால் நோயாளிகள் குழு ஒரு மாதத்தில் அமைதியாகிவிடும், ஏனென்றால் தட்டச்சு செய்ய முடிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான். பல வீடுகளில் ஒரே தொலைபேசிதான், மேசைமேல் கிடக்கிறது. குழுவைப் பிரித்தாலும் செய்தி தெரிந்துவிடும்.

தெம்பனீஸ் மகள் | செவ்வாய், இரவு 9.41

அண்ணே, தொலைபேசி மேசைமேல் கிடந்தா அதுக்கு வழி இருக்கு. பராமரிப்பாளர் குழுவுக்கு மட்டும் அரட்டைப் பூட்டு போடச் சொல்லுங்க, அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி வைக்கச் சொல்லுங்க. குழு அமைதியாயிடும்ங்கிறதுக்காக, மனைவி தன்னைப் பத்தி எழுதுறதைக் கணவர் படிக்கிற நிலையில் வைக்கக் கூடாது.

பேச்சுப் பயிற்சி | செவ்வாய், இரவு 10.10

பொதுக் குழு ஒன்று எல்லாருக்கும். பராமரிப்பாளர்களுக்குச் சிறிய அறை ஒன்று, நோயாளிகளுக்குச் சிறிய அறை ஒன்று. வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் மூன்றையும் ஒன்றாக வைக்கலாம். நோயாளிகள் அறையில் வாரம் ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டும் யாராவது ஒருவர் கேள்வி போட்டு நடத்தினால் அமைதியாகாது. ஆனால் வீட்டில் அடிக்கிறார்கள் என்று ஒருவர் அங்கே சொன்னால் நிர்வாகிகளுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கவேண்டும்: வீட்டாரைக் கேட்காதீர்கள், அவரோடு தனியாகப் பேசுங்கள், அவர் போகும் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் சேர்த்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் போலிஸ், 999.

பொங்கோல் கணினி | புதன், காலை 11.30

தனியுரிமை, மோசடி இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மற்ற 139 பேருடைய எண்ணும் தெரியும். விற்பவர்கள் அதற்காகத்தான் சேர்கிறார்கள். குழு அமைப்பில் 'புதிய உறுப்பினரை நிர்வாகி ஏற்கவேண்டும்' என்பதைப் போடுங்கள். அழைப்பு இணைப்பை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், ஏற்கெனவே போயிருந்தால் இணைப்பை மாற்றியமையுங்கள், பழையது செத்துவிடும். சேர வருபவரிடம் இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள்: யாருக்குப் பக்கவாதம், எப்போது, யார் மூலம் தெரிந்தது. விற்பவர் அந்த அழைப்பையே எடுக்கமாட்டார். +60 (மலேசியா), +91 (இந்தியா) எண்களை மொத்தமாகத் தடுக்கவேண்டாம். ஜொகூரில் தங்கி இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகளும் ஊரிலிருந்து அப்பாவைப் பற்றிக் கேட்கும் மகள்களும் இருக்கிறார்கள். எண்ணே தெரியக் கூடாது என்றால் டெலிகிராமில் மறைக்கலாம், ஆனால் மூத்தவர்களுக்கு வாட்ஸ்அப்தான் பழக்கம்.

படங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். கைப்பட்டையிலும் இருக்கும். மருந்து உறையில் பெயர் இருக்கும். வார்டில் எடுத்த படத்தில் பக்கத்துக் கட்டில்காரர் இருப்பார். எல்லாவற்றையும் நீக்குங்கள். "அப்பா பகல் முழுக்கத் தனியா இருக்கார்" என்ற வரியும் புளோக் எண்ணும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. நடைப்பயிற்சிக் காணொளி போடுவதற்குமுன் நடப்பவரிடம் கேட்டார்களா என்று பாருங்கள். பேச்சிழப்பு உள்ளவரிடம் படத்தைக் காட்டி, குழுவைக் காட்டி, ஆமாமா இல்லையா என்று கேட்டு, மறுநாள் மறுபடி கேட்கவேண்டும். பதில் மாறினால் போடக் கூடாது.

தனிநபர்கள் தங்கள் சொந்த நிலையில் நடத்தும் குழுவுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. பொருந்தாது என்பதால் கவனம் குறைவாக இருக்கலாம் என்று இல்லை. நிர்வாகிகளின் அந்தப் பட்டியலை ஒருவருடைய தொலைபேசியில் திறந்து கிடக்கவிடாமல் கடவுச்சொல் போட்டு வையுங்கள், விலகியவரின் விவரத்தை அன்றே அழியுங்கள்.

மோசடியில் இங்கே கவனிக்கவேண்டியது கைப்பற்றப்பட்ட கணக்கு. உறுப்பினர் ஒருவரின் பெயரிலிருந்து "ஆறு இலக்க எண் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று வரும். அனுப்பியவுடன் உங்கள் கணக்கும் போய்விடும். நினைவாற்றல் பாதிக்கப்பட்டவர்கள் இதில் எளிதாக விழுவார்கள், அவர்கள் தவறு இல்லை. எல்லாருக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு எண் போட்டுக்கொடுங்கள், 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கணக்கு போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் அதைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அப்புறம் அவர் வீட்டுக்குக் குரலில் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு உடனே சொல்லி, போலிசில் புகார் கொடுக்கவேண்டும். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் மோசடி உதவி எண் 1799.

பணம் கேட்கும் செய்தி எதுவும், உண்மையானதுகூட, குழுவில் வேண்டாம்.

ஜூரோங் தம்பி | புதன், பிற்பகல் 12.50

உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர் என்ன செய்வார்? சக்கர நாற்காலிகூட வாங்கமுடியாதவர்கள் இருக்கிறார்கள்.

பொங்கோல் கணினி | புதன், பிற்பகல் 1.05

அவரை நிர்வாகியிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள் தம்பி. நிர்வாகி மருத்துவ சமூக ஊழியரிடம் அனுப்பட்டும். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800 650 6060. நடமாட்டச் சாதனங்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் உதவித் திட்டங்கள் அங்கே இருக்கின்றன. குழுவில் வசூல் செய்தால் 50 வெள்ளி வரும், அடுத்த வாரம் பொய்க்கதையோடு இரண்டு பேர் வருவார்கள்.

தெம்பனீஸ் மகள் | புதன், இரவு 9.15

இன்னொண்ணு. பக்கவாதம் வந்தவங்களில் ஏறக்குறைய மூணில் ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும். "எல்லாருக்கும் பாரமாயிட்டேன், போய்ச் சேர்ந்துட்டா நல்லது"ன்னு எழுதுவாங்க. உடனே அம்பது பேர் "தைரியமா இருங்க", கைகூப்புற படம், முருகன் படம். நல்ல மனசுதான். ஆனா அவர் எழுதினது அதுக்கடியில் மறைஞ்சுபோகும், யாரும் கூப்பிடலை.

ஒரு நிர்வாகி மட்டும் "நான் கூப்பிடுறேன்"னு எழுதிட்டு உடனே கூப்பிடணும். நேராவே கேக்கணும்: உயிரை விடணும்னு நினைக்கிறீங்களா, இப்போ யார் கூட இருக்காங்க? கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. உடனடி ஆபத்துன்னா 995. இல்லைன்னா சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, 24 மணி நேரமும் இருக்கு. பேச்சு வராதவருக்குத் தொலைபேசி உதவாது, அதே சங்கத்தோட வாட்ஸ்அப் எண் 9151 1767. மனநல உதவிக்கு 1771. "யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்"னு வாக்குக் கொடுத்துடாதீங்க.

போலிஸ் வழக்குப் போடுமோன்னு வீட்டார் மறைப்பாங்க. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1லிருந்து இங்கே குற்றம் இல்லை. அதைச் சொல்லுங்க.

உட்லண்ட்ஸ் நிர்வாகி | புதன், இரவு 9.50

அப்படியானால் இரவில் குழுவைப் பூட்டிவிடுவது நல்லது. 11 மணியிலிருந்து 6 மணிவரை 'நிர்வாகிகள் மட்டும்' என்று மாற்றினால், யாரும் பார்க்காத நேரத்தில் யாரும் உதவி கேட்டுக் காத்திருக்கமாட்டார்கள்.

தெம்பனீஸ் மகள் | புதன், இரவு 10.02

பூட்டாதீங்க அண்ணே. தூக்கம் வராம கிடக்கிற நேரம் அதுதான். எழுதவே முடியலைன்னா அவர் மறுபடி எழுதமாட்டார்.

உட்லண்ட்ஸ் நிர்வாகி | புதன், இரவு 10.20

இரண்டே நிர்வாகிகளை வைத்துக்கொண்டு திறந்துவைப்பது சரியில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஐந்து பேர் வேண்டும். ஒருவருக்கு ஒரு வாரம், இரவு முறை வைத்தால் மாதத்துக்கு ஒன்றுதான் வரும். கனமான அழைப்பு ஒன்றை எடுத்தவருக்கு அடுத்த வாரம் ஓய்வு. ஐந்து பேர் கிடைத்தால் திறந்துவையுங்கள்.

கிளமெண்டி வாசி | வியாழன், இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. மூன்று பேர் நிர்வாகிகளாக வரச் சம்மதித்திருக்கிறார்கள், ஆகவே இரவில் பூட்டவில்லை. அறைகள் மூன்று. விளக்கத்தில் போடப்போவது இது:

"அவசர அறிகுறி தெரிந்தால் குழுவில் எழுதிக் காத்திருக்காதீர்கள், 995ஐ அழைக்காமல் இருக்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், தொடங்கச் சொல்லாதீர்கள், அளவு சொல்லாதீர்கள். சாப்பாட்டின் பதத்தைப் பற்றி ஆலோசனை சொல்லாதீர்கள். விற்காதீர்கள். பணம் கேட்காதீர்கள். மருத்துவமனைத் தாள்களைப் போடாதீர்கள். யாராவது தனியாகச் செய்தி அனுப்பி விற்றால் நிர்வாகியிடம் சொல்லுங்கள்."

பேச்சுப் பயிற்சி | வியாழன், இரவு 9.05

உள்ளடக்கம் சரி. வாக்கியங்களைத் திருப்புங்கள். பேச்சிழப்பு உள்ளவர்களுக்கு எதிர்மறை வாக்கியம் மிகவும் கடினம், "தீர்கள்" கழன்று வினைச்சொல் மட்டும் மனதில் நிற்கும். "அழைக்காமல் இருக்காதீர்கள்" என்பதில் இரண்டு எதிர்மறை இருக்கிறது, அது நமக்கே ஒரு நொடி தடுக்கும். செய்யவேண்டியதை மட்டும் சொல்லுங்கள், ஒரு வரிக்கு ஒன்று:

திடீர் அறிகுறி: முதலில் 995. பிறகு குழு.
மருந்து: மருத்துவரைக் கேளுங்கள்.
சாப்பாடு: சிகிச்சையாளர் தந்த எண்ணைப் பாருங்கள்.
பணம், விற்பனை: நிர்வாகியிடம் சொல்லுங்கள்.
படம்: அவரிடம் கேட்டுப் போடுங்கள்.
மனசு கனமாக இருந்தால்: 1767.

மருந்தகத்துக்காரர் | வியாழன், இரவு 9.18

"மருத்துவரை" என்பதோடு "மருந்தாளரை" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் கேட்க முன்பதிவு தேவையில்லை.

கிளமெண்டி வாசி | வியாழன், இரவு 9.40

திருத்திவிட்டேன். ஆறு வரியையும் நிதானமாகப் படித்து 25 வினாடிக் குரல் பதிவாகவும் போட்டிருக்கிறேன். பின் செய்தாகிவிட்டது. 30ஆம் நாளுக்கு நினைவூட்டல் ஐந்து நிர்வாகிகளின் தொலைபேசியிலும் வைத்திருக்கிறோம்.